அமாவாசைக்கு நகர்ந்த கடை

அக்காவின் டிபன் கடையை மேப்பில் ஏற்றியவன் நான். அதை மேப்பிலிருந்து காணாமல் போக வைத்தவனும் நான்தான். முதலாவதை ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். இரண்டாவதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது வருவதற்குள் ஒருத்தியின் வேலை போய்விட்டது.

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். பட்டா மாற்றம், வாரிசு சான்றிதழ், ஆதார் திருத்தம், கல்லூரி விண்ணப்பம் என்று எது போட வேண்டுமானாலும் சுற்று வட்டாரத்து ஜனம் என்னிடம்தான் வரும். நான் கொஞ்சம் சிடுமூஞ்சி. ஓடிபி எண்ணை மட்டும் சொல்லுங்கள் என்றால் வந்த குறுஞ்செய்தி முழுவதையும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களிடம் வேறு எப்படி இருக்க முடியும்? ஆனால் வேலை சுத்தமாக இருக்கும். என் கையால் போன விண்ணப்பம் திரும்பி வந்ததில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவனும் அனேகமாக நானாகத்தான் இருக்கும்.

அக்காவின் கடை திருவண்ணாமலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. ரோட்டில் போகிறவர்களின் கண்ணில் படாது. வாடகை குறைவு என்று பிடித்த இடம் அது. தெருக்காரர்களை நம்பி இட்லி சுட்டுக்கொண்டிருந்த கடையை மேப்பில் போட்டேன். அதற்குப் பிறகு சனி, ஞாயிறுகளில் கோட்டை பார்க்க வருகிற கார்கள் சந்துக்குள் திரும்பத் தொடங்கின. ராஜகிரி மலைக்கோட்டை ஏறி இறங்கியவனுக்கு எதைப் போட்டாலும் உள்ளே போகும், அதிலும் அக்காவின் தக்காளிச் சட்னி என்றால் கேட்கவே வேண்டாம். சென்னைக்காரர்களும் புதுச்சேரிக்காரர்களும் இங்கிலீஷில் எழுதிவிட்டுப் போன விமர்சனங்களை நான் அக்காவுக்குத் தமிழில் படித்துச் சொல்வேன். குறையாக எழுதியிருந்தால் அதைத் தாண்டிவிடுவேன்.

கூட்டம் சேர்ந்ததும் அக்கா ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துக்கொண்டாள். அனந்தபுரம் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ கிராமம் அவளுக்கு. முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டு எப்போதாவது வருவான். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடிகாலைப் பூசை முடித்துவிட்டு, தலையில் பூவோடு கொஞ்சம் தாமதமாக வருவாள். கூட்டம் வருகிற நாளில் தாமதமாக வருகிறாளே என்று அக்கா முணுமுணுப்பாள். "சாமியப் பாத்துட்டு வந்தாதான்க்கா இந்த ஆசாமிங்களப் பாக்கத் தெம்பு வருது" என்பாள் அவள். அவளுக்கு வாய் அதிகம். சத்தமும் அதிகம். சந்து முனையில் வண்டியை நிறுத்தும்போதே அவள் குரல் கேட்கும். எனக்கு அது பிடிக்கும். சிடுமூஞ்சிகளுக்கு இப்படிப்பட்ட ஆட்களைப் பிடிக்கும் போலிருக்கிறது. என்னை அண்ணே என்று கூப்பிடுவாள், கேட்காமலே இன்னொரு தோசை வைப்பாள்.

இனி அமாவாசை விஷயத்துக்கு வருகிறேன். அமாவாசை அன்று செஞ்சியில் அக்காவுக்குக் கடை கிடையாது. மேல்மலையனூர் அம்மன் கோயிலில் அன்று ராத்திரி ஊஞ்சல் உற்சவம், எங்கெங்கிருந்தோ ஸ்பெஷல் பஸ் விடுவார்கள், ஜனம் ராத்திரி முழுக்கத் தங்கும். எங்கள் பக்கத்தில் சின்ன வியாபாரம் செய்கிறவர்கள் பலரும் அன்றைக்குக் கடையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவது வழக்கம். பூக்கடை போகும், வளையல் கடை போகும், கரும்புச்சாறு மிஷின் போகும். அக்காவும் அடுப்பு, தோசைக்கல், மாவுத் தூக்கு எல்லாவற்றையும் மாமாவின் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், தார்ப்பாய் கட்டிக் கடை போடுவாள். கம்பியில் கட்டிய போர்டையும் அவிழ்த்து எடுத்துக்கொள்வாள். "ஒரு கடைக்கு எதுக்குடா ரெண்டு போர்டு?" என்பது அவள் கணக்கு.

இதில் ஒரு சிக்கல் வந்தது. அமாவாசை அன்று மேப்பைப் பார்த்து வந்தவர்கள் பூட்டிய கதவின் முன்னால் நின்றுகொண்டு போன் செய்து திட்டினார்கள். சும்மா இருந்திருக்கலாம். அன்று விடுமுறை என்று போட்டுவிட்டிருக்கலாம். ஆனால் எனக்கு மூளை வேலை செய்தது. அக்கா வண்டி ஏறியதும், மேப்பில் கடையின் சிவப்புக் குறியை விரலால் பிடித்து இழுத்து மேல்மலையனூரில் வைத்தேன். மறுநாள் காலையில் திரும்ப இழுத்து வந்து சந்தில் வைத்தேன். அன்றைக்கு மேல்மலையனூரில் டிபன் கடை தேடினவர்களில் சிலர் அக்காவின் தார்ப்பாய்க்கு நேராக வந்து நின்றார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் இதே வேலைதான். அம்மன் ஊஞ்சலுக்கு எழுந்தருள்வதற்கு முன்பே நம் கடை எழுந்தருளிவிடும் என்று சிரிப்பேன். மேப்பை நடத்துகிறவர்களின் கண்ணுக்கு இது எப்படித் தெரியும் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

தை அமாவாசைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒரு சின்ன ரகளை நடந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஆள் குடும்பத்தோடு வந்திருந்தார். தோசை தடிமனாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தது கருகியிருக்கிறது என்றார். கடைசியில் சாம்பாரைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே, "உங்க ஊர்ல சாம்பார் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.

"சாம்பார் இப்டித்தான் சார் இருக்கும். சாப்புடறவங்கதான் எங்க ஊர்ல வேற மாதிரி இருப்பாங்க" என்றாள் பரிமாறிக்கொண்டிருந்த அந்தப் பெண்.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், அந்த ஆளின் மனைவியும் சிரித்தாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ரிவ்யூ போட்டு நாறடித்துவிடுவேன் என்று கத்திவிட்டுப் போனார். அப்படி எதுவும் அவர் போடவில்லை. தினமும் பார்த்த எனக்கு அது தெரியும்.

தை அமாவாசைக்குக் குறியை இழுத்துக்கொண்டு போனேன், மறுநாள் காலையில் திரும்ப இழுத்து வந்தேன். அன்று மத்தியானம், யாருடைய ரேஷன் கார்டையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. உங்கள் கடையின் பதிவு எங்கள் விதிகளுக்குப் பொருந்தவில்லை, ஆகவே நிறுத்தி வைத்திருக்கிறோம். அவ்வளவுதான் இருந்தது. காரணம் சொல்லவில்லை. எனக்குக் காரணம் சொல்லித் தர வேண்டியதும் இல்லை. மேப்பில் தேடினேன். கடை இல்லை. படங்களும் விமர்சனங்களும் சுத்தமாக இல்லை. சந்தில் கறிக்கடை இருந்தது, தையல் கடை இருந்தது, நடுவில் எங்கள் கடை இருக்க வேண்டிய இடம் வெறும் சாம்பல் கட்டம்.

யாருக்கும் தெரிவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. பத்து மணி ஆகியும் ஒரு கார் திரும்பவில்லை. அக்கா போன் செய்து வரச் சொன்னாள்.

"இன்னாடா இது, ஞாயித்துக்கெழம அதுவுமா ஈ ஓட்டிக்கினு இருக்கறேன்? மேப்பு வேல செய்யுதா பாரு."

போனைப் பார்ப்பது போல் பாவனை செய்தேன். உண்மையைச் சொல்ல அப்போது ஒரு வாக்கியம் போதும். அமாவாசைக்கு நான் இடத்தை மாற்றி மாற்றி வைத்ததால் தூக்கிவிட்டார்கள் என்றால் முடிந்தது. ஆனால் என் கையால் போன வேலை கெட்டது என்று என் வாயால் சொல்வதா? தெருக்காரர் இரண்டு பேர் வேறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மேப்லேருந்து தூக்கிட்டாங்க. யாரோ கம்ப்ளைன்ட் பண்ணிருக்காங்க போல இருக்குது" என்றேன்.

யாரோ என்றுதான் சொன்னேன். யார் பெயரையும் சொல்லவில்லை. பல நாள் இதைச் சொல்லித்தான் என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வார்த்தை போய் எங்கே விழும் என்று எனக்குத் தெரியாதா? அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அந்தக் கண்ணாடிக்காரன்தான்" என்றாள். பிறகு மெதுவாகத் திரும்பி, பரிமாறிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "உன்ன எத்தினி வாட்டி சொல்லிருக்கறேன், வந்தவங்ககிட்ட வாயக் குடுக்காதன்னு? இப்ப யார் வயித்துல அடிச்ச பாத்தியா?"

அவள் கையில் சாம்பார் வாளி இருந்தது. அதைக் கீழே வைத்தாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "ஆமாக்கா, நான்தான் வாய வுட்டேன்" என்றாள் கடைசியில். பிறகு என்னிடம், "அண்ணே, திரும்ப வர வெக்க முடியாதா?" என்று கேட்டாள்.

"சரி, சரி, நான் பாத்துக்கறேன். விடுங்க" என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தெருக்காரர் ஒருவர், தம்பிக்கு நல்ல மனசு என்றார்.

அதற்கடுத்த வாரங்களிலும் கார்கள் வரவில்லை. ஒருநாள் மாலை அக்கா அவளிடம், கொஞ்ச நாள் வீட்டில் இரு, கூட்டம் வந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டாள். கூட்டம் இல்லாதது பாதிக் காரணம். அவள் வாய் மீது இருந்த கோபம் மீதிக் காரணம். அவள் தோசைக்கல்லைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாளாம். நான் அப்போது கடையில் உட்கார்ந்து, பதிவைத் திரும்பக் கேட்டு மேப் கம்பெனிக்கு எங்கள் முறையீட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த முதல் முறையீடு இருக்கிறதே, அதைப் போல ஒரு பித்தலாட்டத்தை நான் இங்கிலீஷில் எழுதியதில்லை. இந்தக் கடை ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே இடத்தில்தான் இருக்கிறது, பொறாமை பிடித்த யாரோ பொய்ப் புகார் கொடுத்திருக்கிறார்கள், எங்கள் பிழைப்பைக் கெடுக்காதீர்கள் என்று உருக்கமாக எழுதினேன். கரண்ட் பில், உணவு உரிமச் சான்று, கடைப் போர்டின் படம் எல்லாவற்றையும் இணைத்தேன். சில நாளில் பதில் வந்தது. ஏற்க முடியாது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கம்ப்யூட்டரைத் திட்டினேன், மேப் கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் திட்டினேன், விண்ணப்பம் போட வந்த ஒரு பையனைக் காரணமில்லாமல் விரட்டினேன். எல்லாம் அடங்கிய பிறகுதான் விஷயம் உறைத்தது. அவர்களிடம் என்ன இல்லை? ஒவ்வொரு மாதமும் குறியை நான் எங்கே இழுத்தேன் என்பது அவர்களிடம் இருக்கும். வந்து சாப்பிட்டவர்கள் ஏற்றிய படங்களில் இதே போர்டு ஒரு முறை சந்துச் சுவரில் தொங்குகிறது, இன்னொரு முறை தார்ப்பாயின் கீழே கோயில் கூட்டத்துக்கு நடுவில் தொங்குகிறது. பார்க்கிறவனுக்கு இது இல்லாத கடை, ஊரை ஏமாற்றுகிற கடை என்றுதான் தோன்றும். அவனிடம் போய் ஒரே இடத்தில் இருக்கிறோம் என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்திருக்கிறேன்.

மாசி அமாவாசை வந்தது. மேல்மலையனூரில் மயானக் கொள்ளைத் திருவிழாக் கூட்டம். மேப் இல்லாவிட்டாலும் அங்கே வியாபாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் தோசை ஊற்றவும் இலை எடுக்கவும் ஆள் இல்லாமல் அக்கா திண்டாடினாள். நான் போய் உதவினேன். எனக்குச் சட்னி ஊற்றக்கூடச் சரியாக வரவில்லை, ஒருவர் வேட்டியில் ஊற்றி வாங்கிக் கட்டிக்கொண்டேன். "அவ இருந்தா ஒத்த ஆளா சமாளிப்பா" என்றாள் அக்கா. உடனே, "வாய்தான் அவளுக்கு எமன்" என்று சேர்த்துக்கொண்டாள். நான் குனிந்து எச்சில் இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இப்படிக் கடை இழந்தவர்கள் கூடிப் புலம்புவதற்கென்றே இணையத்தில் ஒரு இடம் இருக்கிறது. விவரம் தெரிந்த சிலர் அங்கே சம்பளம் இல்லாமல் பதில் சொல்கிறார்கள். அங்கே எங்கள் கதையை, அதாவது பொய்க் கதையை, எழுதிப் போட்டேன். எந்த நாட்டுக்காரரோ தெரியாது, ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கடைசியாக எப்போது இடத்தை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள்?

அக்கா இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. தம்பி மீது அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த முகம் தெரியாத ஆளுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அமாவாசை என்றால் என்ன, அன்றைக்கு ஜனம் ஏன் அந்த ஊருக்குப் போகிறது, கடை ஏன் கூடவே போகிறது என்று விளக்கி எழுதவே ஒரு பக்கம் ஆனது. அப்படியானால் அதையே முறையீட்டிலும் உள்ளபடி எழுதுங்கள், இன்னொரு முறை கேட்க வழி இருக்கிறது, கடை அங்கேதான் இருக்கிறது என்று ஒரு வீடியோவும் எடுத்து அனுப்புங்கள் என்றார். எழுதினேன். இது என் தவறு, என் அக்காவுக்கோ அவளிடம் வேலை செய்த பெண்ணுக்கோ இதில் ஒரு சம்பந்தமும் இல்லை என்றும் எழுதினேன். அந்தக் கடைசி வரியை அவர்கள் கேட்கவே இல்லை. ஆனாலும் எழுதினேன். எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. அந்த லேசுதான் எனக்குப் பிறகு அசிங்கமாகப் பட்டது. சொல்ல வேண்டியவர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, கடல் தாண்டி இருக்கிறவனிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டு நிம்மதியாக டீ குடித்திருக்கிறேன்.

வீடியோவை நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். தெரு முனையில் தொடங்கி, பக்கத்துக் கடைகளைக் காட்டி, போர்டைக் காட்டி, பூட்டைத் திறந்து உள்ளே போய் அடுப்படி வரைக்கும் காட்ட வேண்டும். போர்டு கழற்ற முடியாதபடி இருக்கட்டும் என்று முதல் வேலையாக அதைச் சுவரில் ஆணி அடித்து இறுக்கினேன். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, டிவிக்காரர்கள் வந்திருப்பது போல நின்றாள். பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தும் போனைப் பார்த்துக் கும்பிட்டு, "வணக்கம். இது தோசக்கல்லு. இது மாவு. இது கிரைண்டர். வேலைக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு, இப்ப இல்ல. எல்லாத்தையும் என் தம்பிதான் பாத்துக்கறான்" என்று சொல்லி முடித்தாள். நான் போனைக் கீழே இறக்கிவிட்டேன். திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது முறையும் தம்பியை விடாமல் சொன்னாள்.

பங்குனி பிறந்து சில நாளில் மெயில் வந்தது. பதிவு மீட்கப்பட்டது. மேப்பைத் திறந்தால் கடை இருந்தது. படங்கள் இருந்தன, சட்னியைப் புகழ்ந்தவர்கள் இருந்தார்கள், அத்தனை பேரும் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். அக்கா கேசரி கிளறி சந்து முழுக்கக் கொடுத்தாள். தம்பி மட்டும் இல்லையென்றால் கடையை மூடியிருக்க வேண்டியதுதான் என்று கறிக்கடைக்காரரிடம் சொன்னாள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் பங்குக் கேசரியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

அந்த ஞாயிறே கார்கள் வந்தன. அக்கா ஒற்றை ஆளாக ஓடியதில் கையைச் சுட்டுக்கொண்டாள். மருந்து போட்டுவிடும்போது, வேலைக்கு ஆள் பார்க்க வேண்டும் என்றாள். "பழைய ஆளையே கூப்பிடலாமே" என்றேன்.

"வேணாண்டா. இப்பதான் கஷ்டப்பட்டு வாங்கிக் குடுத்துருக்கற. திரும்ப அவ எவன்கிட்டயாச்சும் வாயக் குடுத்துட்டான்னா? பேசாத பொண்ணா ஒன்னு பாரு."

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு அனந்தபுரம் பக்கத்தில் அந்தப் பெண்ணின் ஊருக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலை பிடுங்கும் காலம். ஒரு வேப்பமர நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்தே அவள் குரலைத் தேடினேன். கேட்கவில்லை. வேறு யாரோதான் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஓரமாக உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"வாங்கண்ணே. மேப்புல கட வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

நெற்றியிலும் தோளிலும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். "தவக்காலத்துக்கு எல்லாம் கறி மீனு வுடுவாங்க. நான் வாய வுட்டேன். யாரு இன்னா சொன்னாலும் எதுத்துப் பேசறதில்லன்னு வேண்டிக்கினேன். எங்க பொண்ணுகூடக் கேக்குது, ஏம்மா இப்டி ஊமையாட்டம் இருக்கறன்னு. போனாப் போவுது, அக்கா கட வந்துடுச்சில்ல?"

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். கண்ணாடிக்காரர் புகார் எதுவும் கொடுக்கவில்லை, அமாவாசைக்கு அமாவாசை நான் செய்த வேலைதான் இது, உன் மேல் ஒரு தப்பும் கிடையாது, நாளைக்கே வேலைக்கு வா என்று ஒரே மூச்சில் சொன்னேன். கையிலிருந்த செடியை அவள் உதறவில்லை. அதில் மிச்சமிருந்த காய்களை ஒவ்வொன்றாகப் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இது அக்காவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"அப்ப அன்னைக்கு அக்கா என்னத் திட்டறப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சிக்கினே சரி சரி வுடுங்கன்னு எனக்கு மன்னிப்பு வாங்கிக் குடுத்தீங்க."

கடைசிக் காயையும் பறித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"அக்காகிட்ட சொல்லாம என்கிட்ட எதுக்கு வந்து சொல்றீங்க? நான் மனசு ஆறி வேலைக்கு வந்துட்டா, அதோட மூடிடலாம்னா?"

அதற்குத்தான் போயிருந்தேன். அவளை அழைத்து வந்து, இனிமேல் வாயை அடக்கிக்கொண்டு இருப்பாள் என்று அக்காவிடம் உத்தரவாதம் சொல்லி வேலையில் சேர்த்துவிடுவது என்பது என் திட்டம். வழி நெடுக அதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் எப்படி அதைக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்து காய் ஆயத் தொடங்கினாள்.

சாயங்காலம் அக்கா மறுநாளுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். முதல் பாதியைக் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள்.

"அமாவாசைக்கு எடத்த மாத்துனதுக்கா தூக்கிட்டான்? அட, கடைய நகத்துனவளே நான்தான? அத நீ அன்னைக்கே சொல்லிருந்தா இன்னாடா?"

அவ்வளவு சுலபமாக இருந்தது அது. அதற்குப் பிறகு அவள் சிரிப்பு நின்றது. களைந்த தண்ணீரை இறுத்தாள், அரிசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாலு பேர் எதுர்ல அவள நிக்க வெச்சி நான் பேசுனேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கினு இருந்த. என் கையாலயே அவள அடிக்க வெச்சியேடா."

அரிசிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். மறுநாள் கடையைத் திறக்காமல் அக்கா அந்தப் பெண்ணின் ஊருக்குக் கிளம்பினாள். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று பஸ் ஏறிவிட்டாள். அங்கே இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்கா சொல்லவில்லை, கேட்கும் தகுதி எனக்கும் இல்லை.

ஈஸ்டர் முடிந்து அவள் வேலைக்கு வந்தாள். முதல் சில நாட்கள் சத்தமில்லாமல் இருந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை சந்துக்குள் திரும்பும்போதே அவள் குரல் கேட்டது. சட்னி கேட்டுத் தட்டைத் தட்டிய ஒரு ஆளிடம், தட்டு உடைந்தால் கையில் வாங்கிச் சாப்பிட வேண்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடை சிரித்தது, அக்காவும் சிரித்தாள். எனக்கு உள்ளே போக அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எப்போதும் உட்காரும் மூலையில் போய் உட்கார்ந்தேன். அவள் சிரிப்பு மாறாமல் எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். தண்ணீர் வைத்தாள், தட்டில் இலையைத் துடைத்துப் போட்டாள்.

"உங்களுக்கு இன்னா வேணும் சார்?" என்று கேட்டாள்.